மெடிக்கல் கோடிங், இசை, சமூக ஊடகம்: படிப்பில் சேரும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து கல்லூரி திறக்கும் வரை தமிழ்நாட்டு மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று படிப்புகளை ஒரே பக்கத்தில் சேர்க்கக் காரணம் உண்டு. டாக்டர், இன்ஜினியர் வரிசைக்கு வெளியே என்ன படிக்கலாம் என்று தேடும் வீடுகளில் இந்த மூன்று பெயர்களும் சேர்ந்தே வருகின்றன. மூன்றுக்கும் "சான்றிதழ் தருகிறோம்" என்ற விளம்பரமும் சேர்ந்தே வருகிறது. ஆனால் அந்தச் சான்றிதழின் மதிப்பு மூன்றிலும் ஒன்றல்ல. கோடிங்கில் கல்லூரிக்கு வெளியே நடக்கும் ஒரு தேர்வுதான் கதவைத் திறக்கிறது. இசையில் பல வருடச் சாதகம், அதாவது தினசரிப் பயிற்சி, முதலில்; பட்டம் அதற்குப் பின்னால். சமூக ஊடகத்தில் நீங்கள் செய்து காட்டிய வேலையைத்தான் பார்ப்பார்கள். பணம் கட்டும் முன் இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மெடிக்கல் கோடிங் என்றால் கம்ப்யூட்டர் புரோகிராமிங்கா?

இல்லை. டாக்டர் நோயாளியைப் பார்த்து எழுதிவைத்த குறிப்பைப் படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்பதைக் குறியீடுகளாக மாற்றும் வேலை. அமெரிக்காவில் அந்தக் குறியீடு இல்லாமல் இன்சூரன்ஸ் நிறுவனம் மருத்துவமனைக்குப் பணம் தராது. அந்த வேலையில் கணிசமான பங்கு சென்னை, திருச்சி, கோவை, பெங்களூரு, ஐதராபாத் அலுவலகங்களில் நடக்கிறது.

நோய்க்கு ஐசிடி-10-சிஎம் என்ற குறியீட்டுப் பட்டியல். டாக்டர் பார்த்தது, எக்ஸ்ரே எடுத்தது, அறுவைச் சிகிச்சை செய்தது போன்றவற்றுக்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிடும் சிபிடி. சில மருந்துகள், ஆம்புலன்ஸ், செயற்கைக் கால் போன்றவற்றுக்கு எச்சிபிசிஎஸ். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவருக்குச் செய்யும் அறுவைகளுக்கு ஐசிடி-10-பிசிஎஸ். நோய்க் குறியீடுகள் மட்டுமே 70,000-க்கு மேல். 2015 அக்டோபர் 1 அன்று புதிய முறைக்கு மாறும் வரை அமெரிக்கா வைத்திருந்த பழைய பட்டியலில் சுமார் 14,000 தான் இருந்தன.

இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். புத்தகத்திலோ மென்பொருளிலோ தேடிக்கொள்ளலாம். கடினமானது விதிகள்தான். ஓர் உதாரணம்: நோயாளிக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு 3ஏ நிலை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். புதிதாக வந்தவர் சர்க்கரைக்கு இ11.9, அழுத்தத்துக்கு ஐ10 என்று போட்டுவிடுவார். இரண்டும் தவறு. டாக்டர் மறுத்து எழுதாதவரை, சிறுநீரகப் பாதிப்புக்குச் சர்க்கரையோடும் அழுத்தத்தோடும் தொடர்பு உண்டு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. ஆகவே இ11.22, ஐ12.9, அதோடு நிலையைச் சொல்ல என்18.31. இந்தக் கடைசிக் குறியீடே 2020 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு முன் 3ஏ, 3பி என்ற பிரிவு இல்லாமல் என்18.3 மட்டும் இருந்தது.

இன்னொன்று. "நிமோனியாவாக இருக்கலாம்" என்று டாக்டர் எழுதுகிறார். வெளிநோயாளி என்றால் நிமோனியாவுக்குக் குறியீடு போடக் கூடாது. இருமல், காய்ச்சல் போன்ற அறிகுறிகளுக்குத்தான் போட வேண்டும். அதே வரி, படுக்கையில் சேர்ந்திருந்த நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பில் இருந்தால் நிமோனியா என்றே போடலாம். இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஆர்வம் வந்தால் இந்த வேலை ஒத்துவரும். சலிப்பு வந்தால், நாள் முழுக்க இதைத்தான் செய்யப்போகிறோம் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்த டிகிரி வேண்டும்? பி.காம். படித்தவர்கள் வரலாமா?

நிறுவனங்கள் முதலில் பார்ப்பது உயிரியல் சார்ந்த பட்டங்களை: விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி. உடற்கூறும் உடலியங்கியலும் ஏற்கெனவே தெரிந்தவருக்குப் பயிற்சி சுலபம், அவ்வளவுதான் காரணம். மற்ற பட்டதாரிகளை எடுக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் கதவு குறுகல். பி.காம். முடித்தவர்கள் பெரும்பாலும் பில்லிங், இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு பேசும் ஏஆர் காலிங் பக்கம் போகிறார்கள். அது தனி வேலை. "கோடிங் டிரெயினிங்" என்று சொல்லி ஏஆர் காலிங்கில் உட்கார வைத்தார்கள் என்ற புகார் அடிக்கடி வருவதால், எந்தப் பதவிக்கு எடுக்கிறார்கள் என்பதை ஆஃபர் கடிதத்தில் படித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் தயங்க வேண்டியதில்லை. இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவதைவிட, டாக்டர் எழுதியதைப் பிழையில்லாமல் படித்துப் புரிந்துகொள்வதுதான் முக்கியம். மருத்துவச் சொற்களின் முன்னொட்டு, பின்னொட்டுகளைத் தினம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டால் சில மாதங்களில் சார்ட் (நோயாளியின் மருத்துவக் குறிப்பு) படிக்க வந்துவிடும்.

சிபிசி தேர்வு கட்டாயமா? கல்லூரி தரும் சான்றிதழ் போதாதா?

கல்லூரி தருவது படித்ததற்கான அத்தாட்சி. நிறுவனம் "சர்டிஃபைடு" என்று சொல்வது பெரும்பாலும் ஏஏபிசி என்ற அமைப்பு நடத்தும் சிபிசி என்ற கோடிங் தேர்வை. அல்லது ஏஎச்ஐஎம்ஏ என்ற இன்னொரு அமெரிக்க அமைப்பு நடத்தும் சிசிஎஸ் போன்றவற்றை. ஏஏபிசி 1988-ல் தொடங்கிய அமெரிக்க அமைப்பு. அதன் தேர்வை இந்தியாவிலிருந்தே எழுதலாம். 100 கேள்விகள், 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். குறியீட்டுப் புத்தகங்களைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். அதனால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடைக்காது. புத்தகத்தில் எங்கே என்ன இருக்கிறது என்று கை பழகியிருந்தால்தான் முடிக்க முடியும்.

வேலை அனுபவம் இல்லாமல் தேர்ச்சி பெற்றால் சிபிசி-ஏ என்று வரும். அந்த "ஏ" பயிற்சி நிலையைக் குறிக்கிறது. இரண்டு வருட வேலை அனுபவம் காட்டினால் அது போய்விடும். குறிப்பிட்ட பயிற்சி வகுப்புகளை முடித்திருந்தால் அந்தக் காலம் குறையும். வருடாந்தர உறுப்பினர் கட்டணமும், இரண்டு வருடத்துக்கு 36 தொடர்கல்வி மதிப்பெண்களும் வேண்டும். இவை டாலர் செலவு. சேரும்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

படித்து முடித்ததும் தேர்வு எழுதுவதா, வேலையில் சேர்ந்து எழுதுவதா? குடும்பத்தில் பணம் நெருக்கடி என்றால் இரண்டாவதே நல்லது. ஃப்ரெஷர்களை எடுத்துத் தாங்களே பயிற்சி தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. சம்பளம் வாங்கிக்கொண்டே ஈடி (அவசர சிகிச்சை), ரேடியாலஜி, சர்ஜரி, எச்சிசி (நாள்பட்ட நோய்களை வகைப்படுத்துவது) என்று ஏதாவது ஒரு பிரிவில் பழகி, பிறகு தேர்வு எழுதுபவர்களுக்குத் தேர்ச்சியும் எளிதாகிறது. சர்டிஃபைடு ஆனதும் சம்பளம் கூடுவது வழக்கம். அதே நிறுவனத்தில் இல்லாவிட்டால் அடுத்த நிறுவனத்தில்.

"100 சதவீத வேலை உத்தரவாதம்" என்கிறார்களே, நம்பலாமா?

நம்ப வேண்டாம். இப்படி விளம்பரம் செய்வதே இப்போது சட்டச் சிக்கல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகளைக் கொண்டுவந்தது. உத்தரவாதமான தேர்ச்சி, உத்தரவாதமான வேலை என்று பொய் வாக்குறுதி தரக் கூடாது என்கிறது அது.

இதைவிட மோசமானது, வேலைக்கு முன்பணம் கேட்பது. "டெபாசிட் கட்டுங்கள், ஆறு மாதத்தில் திருப்பித் தருகிறோம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒழுங்கான கோடிங் நிறுவனம் வேலைக்கு எடுக்கும் ஆளிடம் பணம் கேட்காது. அசல் மதிப்பெண் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் விடாதீர்கள். அதைக் கல்லூரிகளே செய்யக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. பணம் கட்டி ஏமாந்திருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

இரவு ஷிஃப்ட் இருக்குமா?

கோடிங் பெரும்பாலும் பகல் வேலை. அமெரிக்காவில் உள்ளவர்களோடு பேச வேண்டிய ஏஆர் காலிங்குக்குத்தான் இரவு. மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டால் பல வீடுகளில் சண்டை குறையும்.

ஆனால் பகல் வேலை என்பதற்காக இலகு என்று அர்த்தமில்லை. ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் என்று ப்ரொடக்‌ஷன் இலக்கு உண்டு. அதோடு 95 சதவீதத் துல்லியம் எதிர்பார்ப்பார்கள். ஆடிட்டர் உங்கள் சார்ட்களை எடுத்துச் சோதித்துப் பிழையைக் காட்டுவார். முதல் சில மாதங்கள் இதுதான் பலரை அழவைக்கிறது. தாக்குப்பிடித்தவர்கள் பிறகு தாங்களே ஆடிட்டர் ஆகிறார்கள்.

ஏஐ வந்து இந்த வேலையைத் தின்றுவிடாதா?

நியாயமான பயம். எக்ஸ்ரே, ஸ்கேன் போன்று ஒரே மாதிரியான சிறு குறிப்புகளுக்கு மென்பொருளே குறியீடு போடத் தொடங்கிவிட்டது. மனிதர் அதைச் சரிபார்க்கிறார். எளிய வேலையை மட்டும் பத்து வருடம் செய்யலாம் என்று நினைத்து வருபவர்களுக்கு இனி இடம் சுருங்கும். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களின் நீண்ட சார்ட், அறுவைச் சிகிச்சை, இன்சூரன்ஸ் மறுத்த கிளெய்மை ஆராயும் டினையல் வேலை, ஆடிட் ஆகியவற்றில் இன்னும் மருத்துவ அறிவும் விதிகளில் பிடிப்பும் தேவைப்படுகின்றன. ஆகவே சேருங்கள், ஆனால் முதல் பிரிவிலேயே நின்றுவிடாதீர்கள். அக்டோபர் 1 அன்று நோய்க் குறியீடுகளும் ஜனவரி 1 அன்று சிபிடியும் மாறுகின்றன. வருடா வருடம் இந்த மாற்றங்களைப் படிக்கிற பழக்கம்தான் உங்களைக் காப்பாற்றும்.

இசையைக் கல்லூரியில் படிக்க எங்கே போகலாம்?

தமிழ்நாட்டில் வாய்ப்புகள் பலர் நினைப்பதைவிட அதிகம். அரசு இசைக் கல்லூரிகள் நான்கு: சென்னை, மதுரை, கோவை, திருவையாறு. சென்னைக் கல்லூரி 1949-ல் தொடங்கியது. கர்நாடக இசைப் பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் முதல்வர். காவிரிக் கரையில் தியாகராஜரின் சமாதி இருக்கும் ஊரிலேயே படிக்க வேண்டும் என்றால் திருவையாறு. இந்தக் கல்லூரிகள் 2013-ல் உருவான தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இப்போது டாக்டர் ஜெ. ஜெயலலிதாவின் பெயர். பட்டப்படிப்போடு இசைக்கலைமணி என்ற பட்டயமும் இசை ஆசிரியர் பயிற்சியும் உண்டு.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை தமிழிசை இயக்கத்தோடு வளர்ந்தது. தமிழிசைப் பாடகர் தண்டபாணி தேசிகர் அங்கே பணியாற்றியவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத் துறை 1930-களிலிருந்து இருக்கிறது. பெண்களுக்கு ராணி மேரிக் கல்லூரியில் இசைப் பட்டம். திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி. நாட்டியமும் இசையும் சேர்ந்த சூழல் வேண்டுமானால் 1936-ல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா. ஈழத்து வாசகர்கள் கேட்பதால்: யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்தது இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடமாக இருக்கிறது, மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம்.

அரசுக் கல்லூரிகளில் கட்டணம் தனியார் கலைக் கல்லூரிகளோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. இது பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

என் தம்பி எட்டாவதோடு நின்றுவிட்டான். நாதஸ்வரம் கற்க ஆசைப்படுகிறான். வழி உண்டா?

உண்டு. கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளை விசாரியுங்கள். குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றில் மூன்று வருடச் சான்றிதழ்ப் படிப்பு. 12 வயதிலிருந்து 25 வயது வரை சேரலாம். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். மற்றவற்றுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி.

இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள சில பெரிய கோயில்களிலும் ஓதுவார், நாதஸ்வரம், தவில் பயிற்சிப் பள்ளிகள் நடக்கின்றன. பழனிக் கோயிலின் பள்ளி பெயர் பெற்றது. இவற்றில் பயிலும் காலத்தில் ஊக்கத்தொகையும் தங்க இடமும் தருவது உண்டு. கோயில் பணியிடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தச் சான்றிதழ் நேரடியாகப் பயன்படும். தம்பியை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். நாதஸ்வரத்துக்கு மூச்சும் வாய்க்கட்டும் எப்படி என்பதை ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். வயது ஏறுவதற்குள் போவது நல்லது.

ஒன்றுமே தெரியாமல் இசைப் பட்டத்தில் சேர முடியுமா?

சேர்க்கையின்போது பாடவோ வாசிக்கவோ சொல்வார்கள். குரல் ஸ்ருதியில் நிற்கிறதா, தாளம் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் பாடமான சரளி வரிசையிலிருந்து தொடங்கும் இடங்களும் உண்டு, ஆனால் மூன்று வருடத்தில் வரிசைகள், அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை, கடைசியில் ராகம் தானம் பல்லவி வரை போக வேண்டும். 72 மேளகர்த்தாக்களின் (தாய் ராகங்களின்) அமைப்பு, 35 தாளங்கள், பழந்தமிழ்ப் பண்களுக்கும் ராகங்களுக்கும் உள்ள உறவு, சிலப்பதிகார அரங்கேற்றுக் காதை சொல்லும் இசைச் செய்திகள் என்று ஏட்டுப் பாடமும் கனமானது. முன்பே நான்கைந்து வருடம் கற்றவர் இந்த மூன்று வருடத்தை அனுபவித்துப் படிப்பார். புதிதாக வருபவர் திணறுவார். பிளஸ் ஒன் படிக்கும்போதே ஊரில் ஓர் ஆசிரியரைத் தேடிக்கொள்ளுங்கள்.

குருவிடம் கற்பதா, கல்லூரியில் கற்பதா?

கச்சேரி மேடைதான் குறிக்கோள் என்றால், கல்லூரி மட்டும் போதாது என்பதே என் கருத்து. வகுப்பில் பதினைந்து பேரோடு சேர்ந்து பாடும்போது உங்கள் குரலில் எந்த இடத்தில் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) தட்டையாகிறது என்பதை ஆசிரியரால் எப்போதும் தனியாகக் கவனிக்க முடியாது. மனோதர்மம் (அந்த நேரத்தில் கற்பனையாகப் பாடுவது) ஒருவர் அருகில் உட்கார்ந்து, அவர் பாடக் கேட்டு, திரும்பப் பாடித்தான் வரும். கல்லூரி தருவது வேறு வகைச் செல்வம்: லட்சணம் (இசை இலக்கணம்), வரலாறு, மற்ற வாத்தியங்களின் பழக்கம், கூடப் படிக்கும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும். பிற்காலத்தில் உங்களுக்குப் பக்கவாத்தியமாக உட்காரப்போவது பெரும்பாலும் அவர்கள்தான். ஆகவே கல்லூரியில் படித்துக்கொண்டே ஒரு குருவையும் விடாமல் வைத்திருப்பவர்களே நன்றாக மேலே வருகிறார்கள்.

பி.மியூசிக் முடித்தால் சோறு கிடைக்குமா?

வெளிப்படையாகக் கேட்டதால் வெளிப்படையாகவே பதில். மேடைக் கச்சேரியை மட்டும் நம்பி வாழ்பவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் பல வருமானங்களைச் சேர்த்து வாழ்கிறார்கள். பள்ளியில் இசை ஆசிரியர் வேலை ஒன்று. அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் பயிற்சித் தகுதியும் வேண்டும், வெறும் பட்டம் போதாது. தனியார் பள்ளிகளில் இசை ஆசிரியர் தேவை நிறைய இருக்கிறது. வீட்டு வகுப்பு, வெளிநாட்டுத் தமிழ்க் குழந்தைகளுக்கு இணையவழி வகுப்பு, நாட்டிய அரங்கேற்றங்களுக்குப் பாடுவது, கோயில் விழா, ஸ்டுடியோவில் கோரஸ் எல்லாமே உண்டு. ஆகாசவாணியின் குரல் தேர்வில் பாடி பி, பி ஹை, ஏ என்று தரம் பெற்றால் சபாக்களிலும் மரியாதை கூடும். எம்.ஏ., முனைவர் பட்டம் வரை போனால் கல்லூரி ஆசிரியர் ஆகலாம்.

நாதஸ்வரம், தவில் வாசிப்பவர்களுக்கு முகூர்த்த நாட்களில் ஓய்வு கிடையாது. கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் அங்கேதான் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிடார், கீபோர்டு, மேற்கத்திய இசை?

டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் அமைப்புகளின் தேர்வுகள் இங்கேயே நடக்கின்றன, எட்டு கிரேடுகள். இவை பட்டமல்ல, ஆனால் சர்வதேசப் பள்ளிகளில் ஆசிரியர் வேலைக்கு உதவும். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி மேற்கத்திய இசையையும் ஒலித் தொழில்நுட்பத்தையும் கற்றுத்தருகிறது. கட்டணம் அரசுக் கல்லூரியைப் போல இருக்காது.

சமூக ஊடகத்துக்கு என்று ஒரு டிகிரி தேவையா?

அதற்கென்றே மூன்று வருடம் ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விஸ்காம், இதழியல், வணிகம், தமிழ் இலக்கியம் என எதில் பட்டம் வாங்கினாலும் இந்த வேலைக்கு வரலாம். இதில் கருவிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. முதல் வருடப் பாடத்தில் இருந்த திரை மூன்றாம் வருடத்தில் இருக்காது. மாறாதவை எழுத்து, படம் பிடிக்கும் கண், கணக்கு. இவற்றைத் தரும் பட்டத்தை எடுங்கள்.

கருவிகளை இலவசமாகவே கற்கலாம். கூகுளின் ஸ்கில்ஷாப், மெட்டாவின் புளூபிரின்ட், ஹப்ஸ்பாட் அகாடமி மூன்றிலும் பாடங்களுக்குக் காசில்லை. மத்திய அரசின் ஸ்வயம் தளம் இருக்கிறது. 2022-ல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் உட்பட பல திறன் பயிற்சிகள் கல்லூரி வழியாகவே வருகின்றன. உங்கள் கல்லூரியில் அந்தப் பொறுப்பாசிரியர் யார் என்று முதலில் கேளுங்கள். அதைக் கேட்காமலே வெளியே போய் ஐம்பதாயிரம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

பணம் கட்டித்தான் படிப்பேன் என்றால், நல்ல கோர்ஸை எப்படி அடையாளம் காண்பது?

உண்மையான பணத்தில், சின்னத் தொகையிலாவது, உங்களை ஒரு விளம்பரம் ஓட்டவைக்கிறார்களா என்று கேளுங்கள். ஐந்நூறு ரூபாய் செலவழித்து, எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், ஒருவரைக் கடைக்கு வரவைக்க எவ்வளவு ஆனது என்று கணக்குப் பார்த்தவருக்கு, நூறு ஸ்லைடு பார்த்தவரைவிட அதிகம் தெரியும். தமிழில் எழுதப் பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள். இங்கே நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் தெருமுனை பிரியாணிக் கடைக்கும் தேவைப்படுவது இயல்பான தமிழ் வரிகள்தான். அதை எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. இன்டர்வியூவில் சான்றிதழைவிட, "இந்தக் கடையின் பக்கத்தை மூன்று மாதம் நான் பார்த்துக்கொண்டேன், இதோ கணக்கு" என்று காட்டுவது எடுபடும். மாமாவின் மளிகைக்கடையாக இருந்தாலும் சரி.

இன்ஃப்ளூயன்சர் ஆகத்தான் ஆசை. படிப்பு எதற்கு?

யூடியூபில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை. அதைத் தாண்டினாலும் வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது லட்சக்கணக்கில் பின்தொடர்ந்தவர்களை ஒரே இரவில் இழந்தார்கள் பலர். அவர்களில் எடிட்டிங், எழுத்து என்று கையில் தொழில் வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் மீண்டும் தொடங்கினார்கள். அதற்குத்தான் படிப்பு.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். காசு வாங்கியோ இலவசப் பொருள் வாங்கியோ ஒன்றைப் புகழ்ந்தால் அது விளம்பரம் என்று தெளிவாகக் காட்ட வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. ஒரு நிறுவனம் அனுப்பிய பொருளைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டு, அதன் மதிப்பு வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப்பிடித்தமும் 2022 ஜூலையிலிருந்து உண்டு.

நான் பாடிய கீர்த்தனையை யூடியூபில் போட்டால் காப்புரிமைப் பிரச்சினை வருமா?

இசை மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. இந்தியச் சட்டப்படி இயற்றியவர் இறந்து 60 வருடம் வரை பாட்டுக்கு உரிமை உண்டு. தியாகராஜர் 1847-லும் முத்துஸ்வாமி தீட்சிதர் 1835-லும் சியாமா சாஸ்திரி 1827-லும் மறைந்தவர்கள். அவர்கள் பாடல்களை யாரும் தாராளமாகப் பாடலாம். பாரதியார் பாடல்களுக்கும் தடையில்லை. ஆனால் பாபநாசம் சிவன் 1973-ல்தான் மறைந்தார். அவர் பாடல்களுக்கான உரிமைக் காலம் 2033 முடியும் வரை ஓடும். பாரதியார் வரிகளுக்குப் பிற்காலத்தில் ஒருவர் மெட்டுப் போட்டிருந்தால் அந்த மெட்டு அதைப் போட்டவருக்குச் சொந்தம்.

பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. பழைய கீர்த்தனையாக இருந்தாலும், ஒரு வித்துவானின் இசைத்தட்டிலிருந்து எடுத்துப் பின்னணியில் ஓடவிட்டால் அந்தப் பதிவின் உரிமையாளர் கிளெய்ம் போடலாம். பதிவுக்கு, வெளியான வருடத்திலிருந்து 60 வருடம். நீங்களே பாடி, நண்பர் வாசித்து, நீங்களே பதிவு செய்தது என்றால் அந்தப் பதிவு உங்களுடையது. அப்படி இருந்தும் தானியங்கிக் கிளெய்ம் வந்தால் பயப்படாமல் மறுப்புத் தெரிவியுங்கள். ஒரே ராகம், ஒரே தாளம், ஒரே பாட்டு என்பதால் இயந்திரம் குழம்புவது கர்நாடக இசையில் சகஜம்.

மகள் இசைதான் படிப்பேன் என்கிறாள். நாங்கள் கோடிங் வேலைக்குப் போகட்டும் என்று நினைக்கிறோம். இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியுமா?

முடியும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளை அனுமதிக்கிறது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் ஒன்றின்மேல் ஒன்று விழக் கூடாது. ஒன்று நேரடியாகவும் மற்றது தொலைநிலையிலோ இணையவழியிலோ இருக்கலாம். தொலைநிலைப் படிப்புக்கு மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று அதன் தளத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள். மகளின் கல்லூரியும் இதை ஏற்க வேண்டும் என்பதால், முதல்வரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னிடம் கேட்டால், இரண்டு பட்டச் சுமையை ஏற்றாமல் இப்படிச் செய்யச் சொல்வேன். பகலில் விலங்கியலோ உயிர்வேதியியலோ பி.எஸ்சி., மாலையில் நல்ல குருவிடம் பாட்டு. மூன்று வருடம் கழித்துக் கோடிங் பயிற்சி சில மாதங்களில் முடிந்துவிடும். வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களையும் பாடவைத்துத் தேர்வு செய்து எம்.ஏ. இசையில் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் இருப்பதால் அந்தக் கதவும் மூடாது. ஆனால் அவள் ஏற்கெனவே ஏழெட்டு வருடம் கற்று, வர்ணம் தாண்டி, தினமும் விடியற்காலையில் தானாக எழுந்து சாதகம் செய்கிற பெண் என்றால், மேலே சொன்னதை விட்டுவிட்டு நேராக இசைக் கல்லூரியில் சேர்த்துவிடுங்கள். விண்ணப்பம் வாங்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். குரல் தேர்வு எப்போது, எந்தப் பாட்டு தயார் செய்ய வேண்டும் என்பதை அவளே அங்கிருக்கும் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.